ஆற்றுக்கு அக்கரையில் வாப்பா

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் ஹஜ்ரத். என் வாப்பா (தந்தை) மௌத்தாகி (இறந்து) 5 மாதமாகிறது. 30 வருடமாக மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தவர், ஒருவரிடமும் கூலி வாங்கியதில்லை. போன மாதம் ஒரு கனவு கண்டேன். அகலமான ஆறு, கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர், சத்தமில்லாமல் ஓடுகிறது. அக்கரையில் வெள்ளை உடுப்பில் வாப்பா நிற்கிறார். ஒன்றும் பேசவில்லை. நான் இக்கரையில் குனிந்து கையால் ஒரு அள்ளு அள்ளிக் குடித்தேன். விழித்தபோது மனசு லேசாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து அதே ஆறு வந்தது. இந்த முறை கலங்கல் வெள்ளம். வாப்பாவைக் காணவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு ஏறும்போது அலறிக்கொண்டு எழுந்தேன். ஆசிரியப் பயிற்சிக்காக அடுத்த மாதம் வேறு ஊருக்குப் போய் 2 வருடம் தங்க வேண்டும். அதற்காக இஸ்திகாரா (நல்லதைத் தேர்ந்து தரும்படி அல்லாஹ்விடம் கேட்கும் தொழுகை) தொழுது நான்கு நாளில் வந்த கனவு இது. மாமியிடம் சொன்னேன். "மௌத்தானவர் அக்கரையில் நின்றால் கூப்பிடுகிறார் என்று அர்த்தம், எங்கேயும் போகாதே" என்கிறார். போனில் தேடினால், ஆற்று நீர் குடிப்பது ஹலாலான செல்வம் என்று ஓரிடத்தில் இருக்கிறது, சோதனை என்று இன்னோரிடத்தில். கலங்கிய ஆறு அரசனின் கோபமாம். உம்மாவும் பயந்துவிட்டார். நான் போகலாமா, வேண்டாமா?

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹ். உங்கள் வாப்பாவின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து, அவர் ஓதிக் கொடுத்த ஒவ்வோர் எழுத்துக்கும் கூலி கொடுப்பானாக.

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கனவுகளைக் காரணமாக வைத்துப் பயணத்தை நிறுத்த வேண்டாம். வேறு காரணம் இருந்தால் அது வேறு பேச்சு. அதற்குப் பிறகு வருகிறேன்.

மாமி சொன்னதற்குக் குர்ஆனிலும் இடமில்லை, நபிமொழியான ஹதீஸிலும் இடமில்லை. எந்த ஆத்மாவும் தான் எந்த மண்ணில் மரணிக்கும் என்பதை அறியாது என்று லுக்மான் அத்தியாயத்தின் கடைசி வசனம் சொல்கிறது. பழைய கனவு விளக்க நூல்களைப் புரட்டினால், இறந்தவரின் பின்னால் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குள் போய்த் திரும்பி வராததைப் பற்றிச் சில வரிகள் கிடைக்கும் என்பது உண்மைதான். மாமி காதில் விழுந்தது அதன் தேய்ந்த வடிவமாக இருக்கலாம். அதுவும் ஒரு கணிப்புத்தான். உங்கள் கனவில் அப்படி ஏதாவது நடந்ததா? வாப்பா கை அசைக்கவில்லை, பெயர் சொல்லவில்லை, நீங்கள் ஆற்றில் இறங்கவுமில்லை. அவர் நின்றார், நீங்கள் தண்ணீர் குடித்தீர்கள். "கூப்பிடுகிறார்" என்ற சொல் விழித்த பிறகு வெளியிலிருந்து வந்தது.

இனி ஆற்றைப் பற்றிப் பேசலாம். ஓடும் தண்ணீரைக் கனவில் கண்டதற்கு நபி (ஸல்) அவர்களே சொன்ன விளக்கம் ஒன்று ஸஹீஹ் புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான்.

மக்காவிலிருந்து ஹிஜ்ரத் வந்தவர்களை யார் வீட்டில் தங்க வைப்பது என்று மதீனாவாசிகளான அன்ஸாரிகள் சீட்டுக் குலுக்கினார்கள். உஸ்மான் பின் மழ்ஊன் (ரலி) அவர்கள் உம்முல் அலா (ரலி) என்ற பெண்மணியின் குடும்பத்துக்கு வந்தார்கள். அங்கேயே நோயுற்றார்கள், அங்கேயே மௌத்தானார்கள். ஜனாஸாவை, அதாவது உடலைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி போர்த்திய பிறகு நபி (ஸல்) அவர்கள் உள்ளே வந்தார்கள். உம்முல் அலா மைய்யித்தைப் பார்த்து, "அல்லாஹ் உங்களைக் கண்ணியப்படுத்திவிட்டான் என்று நான் சாட்சி சொல்கிறேன்" என்றார். "உமக்கு எப்படித் தெரியும்?" என்று நபி (ஸல்) கேட்டார்கள். அவருக்கு நன்மையைத்தான் நானும் எதிர்பார்க்கிறேன், ஆனால் அல்லாஹ்வின் தூதராக இருந்தும் எனக்கு என்ன செய்யப்படும் என்பதை நானே அறியமாட்டேன் என்றார்கள். உம்முல் அலாவுக்கு அது பெரிய துக்கமாகிவிட்டது. அந்தக் கவலையோடு தூங்கியவர் கனவில் ஒன்றைக் கண்டார்: உஸ்மானுக்கென்று ஓர் ஊற்று ஓடிக்கொண்டிருக்கிறது. நபியிடம் வந்து சொன்னார். "அது அவருடைய அமல் (நற்செயல்)" என்றார்கள்.

அவ்வளவுதான் விளக்கம். நீங்கள் கண்டது ஆறு, அவர் கண்டது ஊற்று என்று கேட்கலாம். அந்த ஹதீஸில் அழுத்தம் விழுவது "ஓடுகிறது" என்ற சொல்லில். தஜ்ரீ என்பது அரபியில் உள்ள வார்த்தை. நாம் அன்றாடம் சொல்லும் ஸதகத்துல் ஜாரியாவில் வரும் ஜாரியாவுக்கும் அதே வேர்தான். ஓடிக்கொண்டிருக்கும் தர்மம் என்று பொருள். மனிதன் இறந்ததும் அவனது அமல் நின்றுவிடும், மூன்றைத் தவிர என்று நபி (ஸல்) சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது: ஓடும் தர்மம், பிறர் பயன்பெறும் கல்வி, அவனுக்காக துஆச் செய்யும் நல்ல பிள்ளை. உங்கள் வாப்பா 30 வருடம் ஓதிக் கொடுத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உஸ்மான் (ரலி) அவர்களுக்கும் ஸாயிப் என்று ஒரு மகன் இருந்தார்.

இதை வைத்து "உங்கள் கனவின் பொருள் இதுவே" என்று நான் முத்திரை குத்த மாட்டேன். உம்முல் அலாவுக்குச் சொன்னவர் நபி. நான் புத்தகம் படித்தவன், அவ்வளவே. ஆனால் தெளிந்து ஓடும் நீரை, நல்லவராக வாழ்ந்து இறந்தவரோடு சேர்த்துக் கண்டவர் நல்லெண்ணம் கொள்வதற்கு இதைவிட உறுதியான ஆதாரம் எனக்குத் தெரியாது. நல்ல கனவு நுபுவ்வத்தின் (நபித்துவத்தின்) 46 பங்குகளில் ஒரு பங்கு என்று ஹதீஸ் இருக்கிறது. அப்படி ஒன்றைக் கண்டால் அல்லாஹ்வைப் புகழலாம், சந்தோஷப்படலாம், நேசிப்பவரிடம் சொல்லலாம். முதல் கனவில் உங்களுக்குக் கிடைத்த லேசான மனசை யாரும் பிடுங்கிக்கொள்ள விடாதீர்கள்.

குடித்தது பற்றி ஒரு தளம் செல்வம் என்கிறது, ஒரு தளம் சோதனை என்கிறது. இந்த முரண்பாடு எங்கிருந்து வருகிறது தெரியுமா? கனவு விளக்கம் எழுதிய ஆலிம்கள் ஒரு பொருளைக் கண்டால் முதலில் அது குர்ஆனில் எங்கே வருகிறது என்று பார்ப்பார்கள், பிறகு ஹதீஸ், பிறகு மொழி வழக்கு. ஆறு குர்ஆனில் பல இடங்களில் வருகிறது. முஹம்மத் அத்தியாயத்தின் 15வது வசனத்தில் சொர்க்கத்தின் நான்கு வகை ஆறுகள் வருகின்றன: கெடாத நீர், பால், மது, தேன். அதைப் பிடித்தவர்கள் ஆற்றை நிஃமத் (அருட்கொடை) என்றார்கள். ஸுக்ருஃப் அத்தியாயத்தில் "எனக்குக் கீழே இந்த ஆறுகள் ஓடவில்லையா?" என்று எகிப்தின் அரசன் ஃபிர்அவ்ன் பெருமையடிக்கிறான். ஆறும் ஆட்சியும் சேர்ந்து நிற்கிற இடம் அது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை திமிஷ்கில் (டமாஸ்கஸில்) வாழ்ந்த அப்துல் கனீ நாபுலுஸி போன்றவர்கள் ஆற்றைப் பெரிய மனிதர் ஒருவருக்கு அடையாளமாக எழுதினார்கள். ஆற்றில் இறங்கினால் பெரியவர்களோடு பழக்கம் உண்டாகும், இக்கரையிலிருந்து அக்கரைக்குத் தாண்டினால் கவலை தீரும் என்றெல்லாம் போகும் அந்தப் பட்டியல். நைலும் யூப்ரடீஸும் டைக்ரிஸும் ஊட்டுகிற மண்ணில், வயலை வாழவைக்கவும் ஊரை அடித்துப் போகவும் வல்லது ஆறு. சுல்தானும் அப்படித்தான். கலங்கிய ஆறு அரச கோபம் என்பது அந்த வாழ்க்கையிலிருந்து பிறந்த கணிப்பு. ஆசிரியப் பயிற்சிக்குப் போகிற பெண்ணின் மேல் எந்த அரசன் கோபப்படப் போகிறான்?

ஆற்று நீரைக் குடிப்பது நல்லதல்ல என்று சிலர் எழுதியதற்கு அல்பகராவின் 249வது வசனம் காரணம். இஸ்ரவேலரின் அரசர் தாலூத் படையோடு புறப்படும்போது, "அல்லாஹ் உங்களை ஓர் ஆற்றைக் கொண்டு சோதிப்பான். அதிலிருந்து குடிப்பவர் என்னைச் சேர்ந்தவர் அல்லர்" என்றார். உங்கள் போனில் வந்த "சோதனை" இங்கிருந்து கிளம்பியதுதான். அந்த வசனத்தை முழுதாகப் படித்துப் பாருங்கள். அடுத்தாற்போல ஒரு விதிவிலக்கு வருகிறது: தன் கையால் ஒரு சிறங்கை அள்ளிக்கொண்டவரைத் தவிர! நீங்கள் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? "கையால் ஒரு அள்ளு அள்ளிக் குடித்தேன்." பாதி வசனத்தை வைத்து உங்களைப் பயமுறுத்தினார்கள். மீதிப் பாதியை வைத்து, நீங்கள் தேறிவிட்டீர்கள் என்று நானும் தீர்ப்பு எழுதலாம். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் அதுவும் அதே விளையாட்டுத்தான், அதனால் எழுத மாட்டேன். அகராதியில் சொல்லுக்குப் பொருள் பார்ப்பது போலக் கனவுக்குப் பார்க்க முடியாது என்பதற்காகவே இதைக் காட்டினேன்.

இன்னும் ஒரு கனவு இருக்கிறது. இது நபி (ஸல்) அவர்களே கண்டது. சுப்ஹு (அதிகாலைத் தொழுகை) தொழுத பிறகு, "உங்களில் யாராவது கனவு கண்டீர்களா?" என்று தோழர்களிடம் கேட்பது அவர்கள் வழக்கம். ஒருநாள் தம் கனவையே சொன்னார்கள். ஸமுரா பின் ஜுன்துப் (ரலி) அறிவிக்கும் நீண்ட ஹதீஸ் அது. இருவர் வந்து அவர்களை அழைத்துப் போகிறார்கள். வழியில் ரத்தம் போலச் சிவந்த ஓர் ஆறு. நடுவில் ஒருவன் நீந்துகிறான், கரையில் ஒருவர் கற்களைக் குவித்து வைத்திருக்கிறார். நீந்துகிறவன் கரைக்கு வந்து வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கல் உள்ளே போகிறது. அவன் வட்டி தின்றவன். அதே கனவில், அதே இரவில், கொஞ்ச தூரம் போனால் இன்னோர் ஆறு. அதன் நீர் பால் போல வெண்மை. உடலில் பாதி மிக அழகாகவும் பாதி மிக விகாரமாகவும் உள்ள சில மனிதர்களிடம், "போய் அந்த ஆற்றில் விழுங்கள்" என்று சொல்லப்படுகிறது. விழுந்து எழுந்து வருகிறார்கள், விகாரம் மொத்தமும் போய்விட்டது. நல்ல அமலையும் கெட்ட அமலையும் கலந்து செய்தவர்கள் அவர்கள், அல்லாஹ் மன்னித்துவிட்டான்.

இந்த ஹதீஸை மாணவர்களுக்கு நடத்தும் ஒவ்வொரு வருடமும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிடுவேன். ஒரே கனவில் இரண்டு ஆறு. ஒன்று தண்டனை, ஒன்று மன்னிப்பு. அப்படியிருக்க, "ஆற்றைக் கண்டால் இது" என்று ஒற்றை வரியில் எழுதுகிறவர் எந்த ஆற்றைச் சொல்கிறார்?

அந்த ஒற்றை வரிகளுக்குக் கீழே பெரும்பாலும் இப்னு ஸீரீன் என்று பெயர் போட்டிருக்கும். பஸராவில் வாழ்ந்த பெரிய தாபிஈ (நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையினர்) அவர், ஹிஜ்ரி 110இல் (கி.பி. 729) வஃபாத் ஆனார். கனவு விளக்கத்தில் அவருக்கு இருந்த ஆற்றல் உண்மை. ஆனால் அவர் பெயரில் விற்கும் பெரிய கனவு நூல் அவர் எழுதியதல்ல. பல நூற்றாண்டுகள் பிந்திய தொகுப்பு. அவரிடம் நூறு கனவைச் சொல்லிக் கேட்டாலும் பதில் சொல்லாமல், "விழித்திருக்கும்போது அல்லாஹ்வை அஞ்சிக்கொள், தூக்கத்தில் கண்டது உனக்குத் தீங்கு செய்யாது" என்று அனுப்பிவிடுவார் என அவருடைய மாணவர்கள் வழியாக வந்திருக்கிறது. இருவர் ஒரே கனவோடு வந்த கதையும் அவரைப் பற்றிப் பிரபலம். இருவருமே பாங்கு சொல்வதாகக் கண்டவர்கள். ஒருவரிடம் ஹஜ் செய்வாய் என்றார், மற்றவரிடம் திருட்டில் மாட்டுவாய் என்றார். ஹஜ்ஜுக்காக அறிவிக்கச் சொன்ன வசனத்தை முதலாமவருக்கும், யூஸுஃப் அத்தியாயத்தில் "நீங்கள் திருடர்கள்" என்று அறிவிப்பவன் கூவிய வசனத்தை அடுத்தவருக்கும் பொருத்தினாராம். பார்த்தது கனவை மட்டுமல்ல, எதிரில் நின்ற ஆளின் முகத்தையும். உங்கள் போன் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாவது கனவுக்கு வருவோம். நபி (ஸல்) கனவை மூன்றாகப் பிரித்தார்கள்: அல்லாஹ்விடமிருந்து வரும் நற்செய்தி, ஷைத்தான் கவலைப்படுத்துவதற்காகக் காட்டுவது, மனிதன் தன் மனதோடு பேசிக்கொள்வது. உங்கள் கலங்கல் வெள்ளம் இரண்டாவதா மூன்றாவதா என்று என்னால் சொல்ல முடியாது. என் ஊகம் மூன்றாவது. வாப்பா போய் ஐந்து மாதம். உம்மாவைத் தனியே விட்டுப் போக வேண்டும். பார்த்திராத ஊர். பகலில் இதையெல்லாம் சுமக்கிற மனசு இரவில் வெள்ளம் காட்டாமல் வேறு என்ன காட்டும்?

எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றே. பயந்து விழித்தால் இடப்பக்கம் மூன்று முறை லேசாகத் துப்புவது போல ஊதி, அவூது பில்லாஹி மினஷ் ஷைத்தானிர் ரஜீம் (ஷைத்தானை விட்டு அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுகிறேன்) சொல்லுங்கள். படுத்திருந்த பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள், முடிந்தால் எழுந்து இரண்டு ரக்அத் தொழுங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள். இப்படிச் செய்தால் அது எந்தத் தீங்கும் செய்யாது என்பது நபியின் வாக்கு. இதில் நீங்கள் தவறியது கடைசி ஒன்றில்தான். சொல்லியாயிற்று, போகட்டும், இனிமேல் சொல்ல வேண்டாம்.

"விளக்கம் சொல்லாதவரை கனவு பறவையின் காலில் இருக்கிறது, சொல்லிவிட்டால் விழுந்துவிடும்" என்ற ஹதீஸை யாராவது உங்களிடம் சொல்லி, மாமி வாயிலிருந்து வந்துவிட்டதே, பலித்துவிடுமோ என்று மறுபடி பயமுறுத்தக்கூடும். அதையும் இப்போதே தீர்த்துவிடுகிறேன். முதலில் விளக்கம் சொன்னவர் தவறாகச் சொல்லியிருந்தால் கனவு அவர் சொன்னபடி ஆகாது என்ற கருத்தில் இமாம் புகாரி ஒரு தனிப் பாடமே வைத்திருக்கிறார்கள். அதன் கீழ் கொண்டுவந்திருப்பது அபூபக்ர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. ஒரு மேகத்திலிருந்து நெய்யும் தேனும் சொட்டுவதாக ஒருவர் கண்ட கனவுக்கு, அனுமதி கேட்டு நபியின் முன்னிலையிலேயே அவர்கள் விளக்கம் சொன்னார்கள். "சிலதைச் சரியாகச் சொன்னீர், சிலதில் தவறினீர்" என்றார்கள் நபி (ஸல்). எது தவறு என்று சத்தியமிட்டுக் கேட்டும், "சத்தியம் செய்யாதீர்" என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அபூபக்ருக்கே சில தவறின. மாமிக்குத் தவறியதில் அதிசயம் இல்லை. அவர் பிரியத்தில்தான் சொல்லியிருப்பார். போய் வாதாட வேண்டாம்.

இஸ்திகாராவுக்குக் கனவு பதில் என்பது நம்மிடையே ஊறிப்போன ஒரு நினைப்பு. ஜாபிர் (ரலி) அறிவிக்கும் அந்த துஆவை முழுதும் பாருங்கள், கனவு என்ற சொல்லே அதில் இல்லை. இந்தக் காரியம் என் தீனுக்கும் (மார்க்கத்துக்கும்) வாழ்வுக்கும் முடிவுக்கும் நல்லதென்றால் அதை எனக்கு இலேசாக்கு, கெட்டதென்றால் என்னை விட்டு அதையும் அதை விட்டு என்னையும் திருப்பிவிடு என்றுதான் கேட்கிறோம். பதில் வருவது காரியத்தின் போக்கில். இடம் கிடைத்ததா, செலவுக்கு வழி இருக்கிறதா, பாதுகாப்பான தங்குமிடமும் துணையும் அமைந்தனவா, உம்மாவோடு இருக்க ஆள் உண்டா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று தட்டினால் தயங்குங்கள், உம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள். அது வேறு காரணம் என்று மேலே சொன்னேனே, அது இதுதான். இவையெல்லாம் நேராக இருந்தும் வெள்ளத்தைக் கண்டேன் என்று நின்றுவிடுவது இஸ்திகாராவுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

தூக்கம் கெட்டு, பகலிலும் இதே நினைப்பாக வாரக்கணக்கில் போனால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஈமான் (இறைநம்பிக்கை) குறைந்ததற்கு அடையாளம் அல்ல அது. துக்கத்துக்கும் மருந்து உண்டு.

கடைசியாக ஒரு கேள்வியை உங்களிடமே விடுகிறேன். வாப்பாவுக்குக் கடன் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று விசாரித்தீர்களா? கனவுக்காகக் கேட்கவில்லை. 5 மாதம் ஆகிறது, எப்படியும் பார்க்க வேண்டியதுதான். இருந்தால் அடைத்துவிடுங்கள். அவர் ஓதிக் கொடுத்த இடத்தில் இப்போது பிள்ளைகளுக்கு யார் ஓதிக் கொடுக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஒருவரும் இல்லையென்றால், ஊரை விட்டுப் போவதற்கு முன் ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள்.

அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்கி, உங்கள் பயணத்தை இலேசாக்குவானாக. வஸ்ஸலாம்.